17வது நிமிடம்: அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவின் கதை

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் வெட்டி, திருத்தி, படிக்க வசதியாக எழுத்தில் தந்திருக்கிறோம்.)

போன எபிசோடில் 2006 வேர்ல்டு கப் ஃபைனல் பற்றிப் பேசினோம். ஜிடான், மாட்டராஸி, அந்தத் தலை முட்டு, எல்லாம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் கேள்வி அனுப்பியிருந்தார். "அந்த டீமில் நெஸ்டாவும் இருந்தாரே, அவர் நிஜமாவே வேர்ல்டு கப் ஜெயிச்சாரா, இல்ல மெடல் மட்டும் வாங்கினாரா?"

கேள்வி கொஞ்சம் குத்தலா இருக்கு. ஆனா நல்ல கேள்வி. ரெண்டு நாளா இது மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்தது. அதனால இன்னைக்கு முழுக்க நெஸ்டாதான். ஒரு டிஃபெண்டர் கதை. கோல் அடிக்காதவர் கதை. இத்தாலிக்காக 78 ஆட்டம் ஆடி ஒரு கோல் கூட அடிக்காத ஆள். சென்னையில் இருக்கிற சிலர் இவரை நேர்லயே பார்த்திருக்கலாம். அதுக்குக் கடைசியில வர்றேன்.

1976 மார்ச் 19, ரோமில் பிறக்கிறார். ரோமில் ரெண்டு டீம், ரோமா, லாசியோ. அங்க நீங்க எந்த டீம்ங்கிறது பெரும்பாலும் நீங்க முடிவு பண்றது இல்லை. வீட்டில் அப்பா முடிவு பண்ணிடுவார், ஜாதகம் மாதிரி. நெஸ்டா வீடு லாசியோ வீடு. சின்னப் பையனா இருக்கும்போது ரோமா பக்கத்திலிருந்து அவரைக் கூப்பிட்டாங்க, அப்பா முடியாதுன்னு சொல்லிட்டார்னு ஒரு கதை உண்டு. 1985இல் லாசியோவோட சிறுவர் அணியில் சேர்ந்தார். அப்போ வயசு ஒன்பது.

1994 மார்ச்சில் சீனியர் டீமில் முதல் ஆட்டம். கோச் யார் தெரியுமா? டினோ ஸோஃப். 1982இல் இத்தாலி வேர்ல்டு கப் ஜெயிச்சப்போ கேப்டனா இருந்த கோல்கீப்பர். அடுத்த மாசமே ஒரு சம்பவம். லாசியோவில் அப்போ பெரிய ஸ்டார் இங்கிலாந்தின் பால் கேஸ்காய்ன். பயிற்சி ஆட்டத்தில் இந்தப் பதினெட்டு வயசுப் பையன்கிட்ட இருந்து பந்தைப் பறிக்க கேஸ்காய்ன் பாய்ந்தார். பாய்ந்தவருக்கே கால் எலும்பு முறிந்துவிட்டது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவரால் ஆட முடியலை. தப்பு பையன் மேல இல்லை. ஆனாலும் கிளப்பின் பெரிய ஸ்டார் உன்கூட மோதி ஆஸ்பத்திரிக்குப் போறார்னா, அந்த வயசில் எப்படி இருக்கும்? நெஸ்டா கதையில் காயம்ங்கிற விஷயம் இப்படித்தான் நுழையுது, முதலில் இன்னொருத்தர் காலில்.

இங்க ஒரு நிமிஷம் நின்னு டிஃபெண்ஸ் பற்றிப் பேசிடலாம். இல்லைன்னா நெஸ்டா ஏன் பெரிய ஆள்னு புரியாது.

இத்தாலி ஃபுட்பால்னாலே எல்லாரும் சொல்ற ஒரு வார்த்தை 'கத்தனாச்சியோ'. அதுக்கு அர்த்தம் தாழ்ப்பாள். நம்ம வீட்டுக் கதவில் இருக்குமே, அதேதான். 1960களில் ஹெலேனியோ ஹெர்ரேரா கோச்சா இருந்த இண்டர் மிலன் இதில் பேர் வாங்கினது. எதிரணி ஸ்ட்ரைக்கர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிஃபெண்டர், நிழல் மாதிரி கூடவே போவார். இவங்க எல்லாருக்கும் பின்னாடி, யாரையும் மார்க் பண்ணாமல் ஒருத்தர் காவலுக்கு நிப்பார். அவர் பேர் 'லிபரோ'. யார் தப்பு பண்ணினாலும் துடைச்சு விடுறது அவர் வேலை. 1980கள் கடைசியில் ஏசி மிலனில் அர்ரிகோ சாக்கி வந்து இதை மாத்தினார். ஆளைத் துரத்த வேண்டாம், இடத்தைக் காப்பாத்துங்க, நாலு பேரும் ஒரே கோட்டில் மேல ஏறி வாங்கன்னு சொன்னார். அது ஜெயிச்சது. கொஞ்சம் கொஞ்சமா லிபரோங்கிற வேலையே காணாமல் போச்சு.

நெஸ்டா வளர்ந்தது அந்த மாற்றத்துக்குப் பிறகு. பின்னாடி காவலாளி கிடையாது, நீதான் கடைசி ஆள். இதில் இன்னொரு கூத்தும் இருக்கு. 1994இல் லாசியோவுக்கு கோச்சா வந்தவர் ஸ்டெனெக் ஸெமான். அட்டாக் பைத்தியம். நாலு பேர் அடிச்சா நாம அஞ்சு பேர் அடிப்போம்ங்கிற ரகம். டிஃபெண்டர்களை மைதானத்தின் நடுவரைக்கும் ஏத்தி விட்டுடுவார். பின்னாடி நாற்பது மீட்டர் காலி. எதிரணி ஒரு நல்ல பாஸ் கொடுத்தா, டிஃபெண்டர் திரும்பி ஓடணும், பிடிக்கணும், தட்டணும். வேற வழியில்லை.

நெஸ்டாவோட டேக்கிள் பிறந்தது இந்த நாற்பது மீட்டரில்தான்னு நான் நினைக்கிறேன். இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

சறுக்கி விழுந்து பந்தைத் தட்டுறதை, ஸ்லைடிங் டேக்கிளை, இத்தாலியில் பெருசா கொண்டாட மாட்டாங்க. சரியான இடத்தில் முன்னாடியே நின்னிருந்தா ஏன் விழணும்? விழுந்த டிஃபெண்டர் ஆட்டத்திலிருந்து ரெண்டு நொடி காணாமல் போறார். பந்து கிடைக்கலைன்னா தொலைஞ்சது. ஏரியாவுக்குள்ளன்னா பெனால்ட்டி. அதனால அது கடைசி வழி, தப்பைத் திருத்துற வழி. நெஸ்டா அந்தக் கடைசி வழியையே ஒரு கையெழுத்தா மாத்தினார். பழைய வீடியோக்கள் இருந்தா மெதுவா ஓட விட்டுப் பாருங்க. ஸ்ட்ரைக்கர் பந்தோட ஓடும்போது, ஒவ்வொரு தடவை தொட்ட பிறகும் பந்து அவர் காலை விட்டு ஒரு அடி, ரெண்டு அடி முன்னாடி போகும். அந்தக் கணத்தில் பந்து யாருக்கும் சொந்தமில்லை. நெஸ்டா அந்தக் கணத்துக்காகப் பக்கத்திலேயே ஓடிட்டு வருவார். அவசரப்பட மாட்டார். அடுத்த தொடுதல் கொஞ்சம் நீளமா போகும்னு தெரிஞ்சதும் கீழ இறங்குவார். பல தடவை பந்தைத் தட்டி வெளியே விட மாட்டார். காலாலேயே வளைச்சுத் தன் பக்கம் வச்சுக்குவார். விழுந்த வேகத்திலேயே எழுந்து, தலையைத் தூக்கி, மிட்ஃபீல்டருக்கு பாஸ் கொடுத்துட்டு நடந்து போவார். ஸ்ட்ரைக்கர் அப்பத்தான் ரெஃப்ரியைப் பார்ப்பார். ரெஃப்ரி கையை விரிப்பார்.

சரி, கதைக்கு வருவோம்.

1996இல் 21 வயசுக்கு உட்பட்டோர் யூரோ கப் ஜெயிக்கிறார். கூட ஆடினவர் ஃபேபியோ கன்னவாரோ. இந்த ஜோடியை ஞாபகம் வச்சுக்கோங்க. 1997இல் ஸ்வென் கோரன் எரிக்ஸன் லாசியோ கோச்சா வர்றார், நெஸ்டா கேப்டன் ஆகிறார். இருபத்தோரு வயசு! பிறந்த ஊர், அப்பாவோட டீம், கையில் கேப்டன் பட்டை. 1998 ஏப்ரலில் கோப்பா இத்தாலியா ஃபைனல். முதல் லெக்கில் மிலன் 1-0 ஜெயிச்சிருந்தாங்க. ரோமில் நடந்த ரெண்டாவது லெக்கில் லாசியோ 3-1. மூணாவது கோல், கப்பை வாங்கித் தந்த கோல், அடிச்சது நெஸ்டா. கோல் அடிக்காதவர்னு ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா, அது நேஷனல் டீம் கணக்கு.

அடுத்த மாசம் பாரிஸில் யூ.இ.எஃப்.ஏ கப் ஃபைனல். இண்டர் மிலன்கிட்ட 3-0 தோல்வி. எதிரில் பிரேசிலின் ரொனால்டோ, அவரோட உச்சத்தில். அந்த ராத்திரி நெஸ்டாவுக்குக் கஷ்டமான பாடம்.

அப்புறம் 1998 வேர்ல்டு கப், ஃப்ரான்ஸ். மூணாவது குரூப் ஆட்டம், ஆஸ்திரியாவோட. ஆரம்பிச்சு நாலு நிமிஷம்தான். நெஸ்டாவின் முழங்கால் தசைநார் கிழிஞ்சு போச்சு. உள்ள வந்தவர் ஜியூசெப்பே பெர்கோமி, வயசு 34. இவர் 1982 வேர்ல்டு கப்பை 18 வயசுப் பையனா ஜெயிச்சவர். 22 வயசுக்காரன் வெளிய போக, 34 வயசுக்காரர் உள்ள வர்றார். இத்தாலி கால் இறுதியில் ஃப்ரான்ஸ்கிட்ட பெனால்ட்டியில் தோத்தாங்க.

அதுக்கப்புறம் லாசியோவில் நல்ல காலம். 1999இல் கப் வின்னர்ஸ் கப். அந்தப் போட்டியோட கடைசி வருஷம் அது, இப்போ கிடையாது. அதே வருஷம் சூப்பர் கப்பில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0. 2000 மே 14, இத்தாலிய லீக்கின் கடைசி நாள். லாசியோ தங்கள் ஆட்டத்தை முடிச்சுட்டாங்க. ஆனா யூவென்டஸ் பெருஜியாவில் ஆடிட்டிருக்காங்க, அங்க கொட்டுற மழை. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு போச்சு. ரோமில் ஜனங்க ரேடியோவைக் காதில் வச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. யூவென்டஸ் தோத்தது. லாசியோ சாம்பியன். கிளப் வரலாற்றிலேயே ரெண்டாவது லீக் பட்டம். கேப்டன் அந்த ஊர்ப் பையன்.

அந்தக் கோடையில் யூரோ 2000. என்னைக் கேட்டா நெஸ்டா நேஷனல் டீமுக்கு ஆடின சிறந்த போட்டி இதுதான். ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்தோட செமி ஃபைனல். அரை மணி நேரத்திலேயே இத்தாலிக்கு ஒரு ரெட் கார்டு. பத்து பேரோட கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் தாக்குப் பிடிச்சாங்க. நெதர்லாந்து ஆட்ட நேரத்திலேயே ரெண்டு பெனால்ட்டி கோட்டை விட்டாங்க, கடைசியில் ஷூட் அவுட்டில் இத்தாலி. நெஸ்டா, கன்னவாரோ, மால்தினி அன்னைக்கு ஆடினது டிஃபெண்ஸுக்கு ஒரு பாடப் புத்தகம். ஃபைனலில் ஃப்ரான்ஸ். இஞ்சுரி டைமின் கடைசி நொடிகள் வரை இத்தாலி 1-0 முன்னிலை. பெஞ்சில் இருந்தவங்க ஓடத் தயாரா நின்னாங்க. வில்டோர்ட் கோல். அப்புறம் ட்ரெஸகே கோல்டன் கோல். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை.

2000லேருந்து 2003 வரை நாலு வருஷமும் இத்தாலிய லீக்கின் சிறந்த டிஃபெண்டர் விருது நெஸ்டாவுக்குத்தான். மால்தினி, கன்னவாரோ, துராம் எல்லாம் அதே லீக்கில் ஆடின காலம், பாத்துக்கோங்க.

2002 வேர்ல்டு கப், ஜப்பான்-கொரியா. ரெண்டாவது குரூப் ஆட்டம், குரோவேஷியா. 24வது நிமிஷத்தில் நெஸ்டா காயத்தோட வெளிய. உள்ள வந்தது மார்கோ மாட்டராஸி. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வச்சுக்கோங்க. இத்தாலி 1-0 முன்னிலை எடுத்து, அப்புறம் மூணு நிமிஷ இடைவெளியில் ரெண்டு கோல் வாங்கி 2-1 தோத்தாங்க. திட்டு முழுக்க மாட்டராஸி தலையில். அடுத்த சுற்றில் தென் கொரியா. நெஸ்டா இல்லை, கன்னவாரோவுக்கு மஞ்சள் கார்டு தடை. இந்த ஜோடி ரெண்டு பேருமே இல்லாமல், கோல்டன் கோலில் இத்தாலி வெளிய. ரெஃப்ரியைப் பற்றி இன்னைக்கு வரைக்கும் இத்தாலிக்காரங்க பேசுறாங்க. நடுவில் அந்த ரெண்டு பேர் இருந்திருந்தா ரெஃப்ரியைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே வந்திருக்காதுன்னு எனக்குத் தோணும்.

இப்போ வருது எனக்கு உண்மையிலேயே வயித்தெரிச்சலான பகுதி.

லாசியோவின் முதலாளி செர்ஜியோ க்ரான்யோட்டி. அவர் கம்பெனி சிரியோ. தக்காளி டப்பா, பழ டப்பா விக்கிற பழைய, பெரிய பிராண்ட். தொண்ணூறுகளில் இவர் பணத்தைத் தண்ணியா செலவழிச்சார். 2000இல் ஹெர்னான் கிரெஸ்போவை வாங்கினது அப்போ உலக சாதனை விலை. அதெல்லாம் கடன்ல ஓடின வண்டி. 2001லேயே வெரோன், நெட்வெட் ரெண்டு பேரையும் வித்தாங்க. அதுவும் பத்தலை. 2002 ஆகஸ்ட் 31, ஆட்டக்காரர்களை வாங்கி விக்கிற கெடுவின் கடைசி நாள். ஒரே நாளில் கிரெஸ்போ இண்டர் மிலனுக்கு, நெஸ்டா ஏசி மிலனுக்கு. நெஸ்டாவுக்கு விலை சுமார் 3 கோடி யூரோ. சில மாசத்திலேயே சிரியோ கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் கவிழ்ந்தது.

அவருக்குப் போக விருப்பம் இல்லை. அதைப் பிறகு பல பேட்டிகளில் சொல்லியிருக்கார். ஒன்பது வயசிலிருந்து பதினேழு வருஷம் ஒரே கிளப். குடும்பத்தோட நகையை அடகு வைக்கிற மாதிரி கேப்டனை வித்துட்டாங்க. ரசிகர்கள் தெருவில் இறங்கிக் கத்தினாங்க, ஒண்ணும் ஆகலை. வீரர்கள் விசுவாசமே இல்லாமல் பணத்துக்குப் பின்னாடி ஓடுறாங்கன்னு நாம அடிக்கடி பேசுறோம் இல்லையா? இங்க கணக்குப் புத்தகம்தான் ஓடினது, ஆள் ஓடலை.

மிலனில் முதல் சில மாசம் அவருக்குச் சரியா வரலை. ஆனா அந்த சீசன் முடிவு எப்படின்னா, 2003 மே 28, மான்செஸ்டரின் ஓல்டு ட்ராஃபோர்டு, சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். மிலன், யூவென்டஸ், ரெண்டுமே இத்தாலிய டீம். 120 நிமிஷம், கோலே இல்லை. போரிங்னு சொல்றவங்க உண்டு. சொல்லட்டும். ஷூட் அவுட்டில் ரெண்டு கோல்கீப்பரும் மாத்தி மாத்திப் பிடிக்கிறாங்க. யூவென்டஸுக்கு மூணு போச்சு, மிலனுக்கு ரெண்டு போச்சு. நாலாவதா நடந்து வர்றார் நெஸ்டா. எதிரில் பஃபன், நேஷனல் டீமில் கூட ஆடுற நண்பன். உள்ள போட்டார். அடுத்து ஷெவ்சென்கோ முடிச்சு வச்சார். கப் மிலனுக்கு.

2004இல் லீக். 2005இல் இஸ்தான்புல். அதைப் பற்றி ஏற்கனவே தனி எபிசோடே பண்ணியிருக்கோம், 3-0இலிருந்து தோத்த கதை. ஒரு துணுக்கு மட்டும். மிலனின் ரெண்டாவது கோலுக்கு சில நொடி முன்னாடி, இந்தப் பக்க பாக்ஸில் சறுக்கி விழுந்த நெஸ்டா கையில் பந்து பட்டதுன்னு லிவர்பூல்காரங்க பெனால்ட்டி கேட்டாங்க. ரெஃப்ரி கொடுக்கலை, மிலன் அங்கிருந்து அப்படியே போய் கோல் அடிச்சாங்க. நெஸ்டா டேக்கிள் எல்லாமே சுத்தம்னு நான் பூசி மெழுக விரும்பலை.

இப்போ 2006, ஜெர்மனி. நெஸ்டாவுக்கு முப்பது வயசு. டிஃபெண்டருக்கு அது நல்ல வயசு. நடுவில் நெஸ்டா, கன்னவாரோ. கானாவோட 2-0, அமெரிக்காவோட 1-1. மூணாவது ஆட்டம் ஹாம்பர்க், செக் குடியரசு. பதினேழாவது நிமிஷத்தில் நெஸ்டா வெளிய நடக்கிறார். முகத்தில் பெரிய உணர்ச்சி இல்லை. மூணாவது வேர்ல்டு கப், மூணாவது தடவை, மூணு தடவையும் குரூப் சுற்றில். நம்ம ஊரில் கண்ணு பட்டுடுச்சுன்னு சுத்திப் போடச் சொல்லுவாங்க. நெஸ்டாவின் சட்டை நம்பர் 13. ஆனா இத்தாலியில் ராசியில்லாத எண் 13 இல்லை, 17!

உள்ள வந்தது, அதே மாட்டராஸி. இந்த முறை ஒன்பது நிமிஷத்தில் தலையால் கோல். அதுக்கடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும், வேகமா சொல்லிடறேன். ஆஸ்திரேலியாவோட மாட்டராஸிக்கு ரெட் கார்டு, டோட்டி கடைசி நேரப் பெனால்ட்டியில் காப்பாத்தினார். கால் இறுதியில் மாட்டராஸிக்குத் தடை, பர்ஸாக்லி ஆடினார். நெஸ்டா குணமாகலை. செமியில் ஜெர்மனி, அதையும் தாண்டி பெர்லின். ஃபைனலில் ஃப்ரான்ஸுக்கு பெனால்ட்டி கிடைச்சது மாட்டராஸியால். சமன் பண்ணின கோல் மாட்டராஸி. ஜிடானோட தலை இறங்கினது மாட்டராஸி நெஞ்சில். ஷூட் அவுட்டில் ஒரு பெனால்ட்டி மாட்டராஸி. நெஸ்டா எங்க? ஓரத்தில், ஆடாதவங்களோட.

யோசிச்சுப் பாருங்க. உன் இடத்தில் ஆடினவன் தேசத்துக்கே ஹீரோ ஆகிறான். பத்து வருஷமா உன்கூட ஜோடியா ஆடின கன்னவாரோ, கேப்டனா கப்பைத் தூக்குறான், அந்த வருஷம் பாலோன் டோர் வேற வாங்குறான். இத்தாலி அந்தப் போட்டி முழுக்க வாங்கினது ரெண்டே கோல், ஒண்ணு தங்களோட ஆளே போட்ட ஓன் கோல், இன்னொண்ணு ஜிடானின் பெனால்ட்டி. அந்தச் சுவரை ஆரம்பத்தில் கட்டினதில் நீ இருந்தே. முடியும்போது இல்லை.

நேயர் கேள்விக்கு என் பதில் இங்கதான் இருக்கு. அந்தப் போட்டியில் நெஸ்டா ஆடினது ரெண்டு முழு ஆட்டம், ஒரு பதினேழு நிமிஷம். அதை வச்சு மட்டும் பார்த்தா அவர் ஜெயிச்சதில் சின்னப் பங்குதான், அதை மறுக்க முடியாது. ஆனா மெடல் சும்மா வரலை. தகுதிச் சுற்றுகள், 1998 முழங்கால், 2000இன் ஆம்ஸ்டர்டாம், கன்னவாரோகூட நின்ன வருஷங்கள், அதெல்லாம் எந்தக் கப்பின் கணக்கிலும் தனியா எழுதப்படுறது இல்லை. அடுத்த வருஷம், 2007இல், நேஷனல் டீமிலிருந்து ஓய்வு அறிவிச்சுட்டார். வயசு 31. உடம்பு ரெண்டு இடத்துக்கும் தாங்காதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது.

மிலனில் தொடர்ந்தார். 2007இல் ஏதென்ஸில் அதே லிவர்பூலை 2-1 ஜெயிச்சு ரெண்டாவது சாம்பியன்ஸ் லீக். அந்த டிசம்பரில் யோகஹாமாவில் கிளப் வேர்ல்டு கப் ஃபைனல், போகா ஜூனியர்ஸுக்கு எதிரா 4-2. அதில் ஒரு கோல் நெஸ்டா! அப்புறம் முதுகு. 2008-09 சீசன் கிட்டத்தட்ட முழுக்கப் போச்சு. முடிஞ்சது கதைன்னு எல்லாரும் நினைச்சாங்க. திரும்பி வந்தார். 2009 அக்டோபரில் கியேவோ மைதானத்தில் மிலன் 1-0 பின்தங்கியிருந்தப்போ, கடைசிக் கட்டத்தில் ரெண்டு கோல் அடிச்சு ஜெயிக்க வச்சது யாருன்னா, இவர்தான். ஸ்ட்ரைக்கர்ஸ் எல்லாம் கை தட்டினாங்க. பக்கத்தில் தியாகோ சில்வான்னு ஒரு பிரேசில் பையன் வளர்ந்துட்டு இருந்தான். ரெண்டு பேருமா 2011இல் லீக் ஜெயிச்சாங்க.

2012 மார்ச், சான் சிரோ. பார்சிலோனாவும் மெஸ்ஸியும் உச்சத்தில் இருந்த சமயம். நெஸ்டாவுக்கு 36 வயசு, பழுதான முதுகு, பழுதான முழங்கால். மெஸ்ஸிகிட்ட ஓட்டப் பந்தயத்தில் ஜெயிக்க முடியாது. அன்னைக்கு ஆட்டம் 0-0. பெனால்ட்டி ஏரியாவுக்குள்ள மெஸ்ஸி காலடியில் இருந்து பந்தைச் சறுக்கி எடுத்தாரே, நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரு அடி இடைவெளி, அதுக்காகக் காத்திருந்த அதே பழக்கம். வேகம் போச்சு, கணக்கு போகலை. அடுத்த வாரம் பார்சிலோனாவில் 3-1 தோல்வி. அதில் ஒரு பெனால்ட்டி, கார்னர் கிக்கில் புஸ்கெட்ஸ் சட்டையை நெஸ்டா பிடிச்சு இழுத்ததுக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

அந்த வருஷம் மிலனை விட்டுட்டு மான்ட்ரியால் போனார், 2013இல் ஓய்வு. இதோட முடிஞ்சிருக்கணும்.

2014. இந்தியன் சூப்பர் லீக் முதல் சீசன். சென்னையின் எஃப்சியோட கோச், கூடவே ஆட்டக்காரர், யாருன்னு பார்த்தா மார்கோ மாட்டராஸி. சீசன் பாதி தாண்டின பிறகு அவர் ஒரு பழைய நண்பரை வரவழைச்சார். ஓய்வு பெற்ற, 38 வயசு நெஸ்டா. 2002லயும் 2006லயும் ஒருத்தர் வெளிய போனா இன்னொருத்தர் உள்ள வருவார். இப்போ ரெண்டு பேரும் ஒரே டீமில், பெரியமேடு பக்கம் நேரு ஸ்டேடியத்தில்! நம்ம ஜனங்க கண்ணு பூரா எலானோ, மெண்டோஸா மேல இருந்தது, அது நியாயம்தான், அவங்கதான் கோல் அடிச்சாங்க. நெஸ்டா ஆடினது விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான்.

அந்த சீசன் முடிவும் பாருங்க. லீக் சுற்றில் சென்னைதான் முதலிடம். செமி ஃபைனல் முதல் லெக், கொச்சியில் கேரளாகிட்ட 3-0 தோல்வி. சென்னையில் ரெண்டாவது லெக். மாட்டராஸி முதல் பாதியிலேயே ரெட் கார்டு வாங்கிட்டு வெளிய. பத்து பேரோட சென்னை மூணு கோல் அடிச்சுச் சமன் பண்ணிட்டாங்க, மூணாவது கோல் தொண்ணூறாவது நிமிஷத்தில் ஜேஜே. ஸ்டேடியம் ஆடினது. எக்ஸ்ட்ரா டைம் முடியப் போற நேரத்தில் பியர்ஸன் ஒண்ணு போட்டு முடிச்சுட்டார். அடுத்த வருஷம், வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், செமி ஃபைனல் சொந்த ஆட்டத்தைப் புனேவில் ஆட வேண்டி வந்தும், மாட்டராஸியோட சென்னை கப் ஜெயிச்சது. நெஸ்டா அதில் இல்லை. ஜெயிச்ச வருஷம் மறுபடியும் அவர் இல்லை, கவனிச்சீங்களா?

அதுக்கப்புறம் கோச்சிங். மியாமி, பெருஜியா, ஃப்ரோஸினோனே, ரெஜ்ஜியானா, மோன்ஸா. பெருஜியான்னா, 2000இல் மழை கொட்டி அவரை சாம்பியன் ஆக்கின அதே ஊர். 2024-25 சீசனில் மோன்ஸா அவரை நடுவில் நீக்கினாங்க, அப்புறம் திரும்பக் கூப்பிட்டாங்க, டீம் கடைசியில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு. டிஃபெண்டரா இருந்தப்போ கைவந்த அந்தக் கணக்கு கோச் நாற்காலியில் இன்னும் கைகூடலை.

கேள்வி அனுப்பின நண்பருக்கு ஒரு வேண்டுகோள். 2006 ஃபைனல் ஹைலைட்ஸ் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும், அதை விடுங்க. யூரோ 2000, இத்தாலி-நெதர்லாந்து செமி ஃபைனல் முழு ஆட்டம் கிடைச்சா பாருங்க. ரெட் கார்டுக்கு அப்புறம் பந்தைப் பார்க்காதீங்க, 13ஆம் நம்பரை மட்டும் பாருங்க. பார்த்துட்டு எழுதுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன்.